கிட்டாருக்கு எந்த சால்டரிங் அயர்ன்? 25 வாட்டா, 60 வாட்டா?

கல்ச்சுரல்ஸுக்கு ரெண்டு நாள் இருக்கறப்பத்தான் எலக்ட்ரிக் கிட்டார் மக்கர் பண்ணும். ஜாக்கைத் தொட்டா கரகரன்னு சத்தம், வால்யூம் நாப்பைத் திருப்பினா சவுண்டு வந்து வந்து போகும், கம்பியிலிருந்து கையை எடுத்தா ஆம்ப் உர்ருனு உறுமும். திறந்து பார்த்தா பெரும்பாலும் ஒரே ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல சரியான அயர்ன் கையில இல்லைன்னா, விட்டுப்போன ஒயரோட சேர்த்து ஒரு பாட்டும் ஒரு பிக்கப்பும் காலியாகும்.

"சால்டரிங் அயர்ன்தானே, எது வாங்கினா என்ன?" அப்படின்னு நினைக்கிறவங்களுக்கும், ஆன்லைன்ல நூறு மாடலைப் பார்த்துட்டு எதை வாங்கறதுன்னு தெரியாம முழிக்கிறவங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. முதல்ல கிட்டாருக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். அதுக்கப்புறம்தான் அயர்ன்.

கிட்டாருக்குள்ள இருக்கிற ஐந்து இடங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரோட சர்க்யூட் முதல் செமஸ்டர் லேப் எக்ஸ்பெரிமென்ட்டை விடச் சின்னது. 1954-ல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கோங்க. மூணு பிக்கப், ஒரு செலக்டர் ஸ்விட்ச், மூணு பாட் (ஒரு வால்யூம், ரெண்டு டோன்), ஒரு கப்பாசிட்டர், ஒரு ஜாக். அம்முட்டுத்தான். இன்னிக்கு நம்ம கடைகள்ல கிடைக்கிற விலை குறைஞ்ச கிட்டார்கள்ல பாதி இந்த டிசைனோட நகல்தான். உப்பலப்பு ஸ்ரீனிவாஸ் கர்நாடக இசைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த எலக்ட்ரிக் மாண்டலினுக்குள்ளேயும் அடிப்படை இதேதான்: காந்தம், அதைச் சுத்தின காயில், அங்கிருந்து வெளியே வர்ற ரெண்டு ஒயர்.

இதுல சால்டர் பண்ண வேண்டிய இடங்கள் ஐந்து வகை.

1. பிக்கப்போட காயில் முனை. மிக மெல்லிசு.
2. ஸ்விட்ச் கால்கள். சின்னது, பக்கத்துலேயே பிளாஸ்டிக்.
3. பாட்டோட மூணு கால்கள். சின்னது.
4. ஜாக் கால்கள். கொஞ்சம் தடிமன்.
5. பாட்டோட முதுகு, அதாவது அந்த உலோக மூடி. பெருசு. ஸ்ட்ராட் மாதிரி ட்ரெமலோ இருக்கிற கிட்டார்ல, பின்னாடி ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இரும்புத் தகடு இதை விடப் பெருசு.

முதல் நாலுக்கும் சாதாரண அயர்ன் போதும். அஞ்சாவதுலதான் எல்லாரும் மாட்டறாங்க. பிக்கப், ஜாக், பிரிட்ஜ் எல்லாத்தோட எர்த் ஒயரும் பெரும்பாலும் பாட்டோட முதுகுலதான் வந்து சேரும். தனியா எர்த் பட்டை வைக்காம, இருக்கிற உலோக மூடியையே எர்த்தாப் பயன்படுத்தறது பழைய வழக்கம். வசதியான வழக்கம்தான், ஆனா சால்டர் பண்றவனுக்குச் சோதனை.

வாட்ஸ் வேற, வெப்பநிலை வேற

நிறைய பேர் நினைக்கிறது: 25 வாட் அயர்ன் கம்மி சூடு, 60 வாட் அயர்ன் அதிக சூடு, அதனால மெல்லிய வேலைக்கு 25 வாட்தான் பாதுகாப்பு. பாதிதான் சரி.

நம்ம ஊர் பாஷையிலேயே சொல்றேன். தோட்டத்துல ஒரு தண்ணித் தொட்டி, அதுக்கு ஒரு மோட்டார். தொட்டியில தண்ணி நிக்கிற உயரம்தான் வெப்பநிலை. மோட்டாரோட எச்.பி.தான் வாட்ஸ். தொட்டியோட அகலம்தான் பிட்டோட எடை. யாரும் தண்ணி எடுக்காதப்ப அரை எச்.பி. மோட்டார் கூட மெதுவா தொட்டியை ரொப்பிடும். ஆனா வாய்க்காலைத் திறந்து விட்டா என்ன ஆகும்? சின்ன மோட்டார் ஈடு கொடுக்க முடியாம தண்ணி மட்டம் சட்டுனு இறங்கிடும்.

25 வாட் பென்சில் அயர்ன் சும்மா ஸ்டாண்டுல இருக்கறப்ப பிட் நல்லா சூடாத்தான் இருக்கும். ஸ்விட்ச் காலைத் தொட்டா ஒரு செகண்டுல ஈயம் ஓடும். பாட் முதுகைத் தொட்டதும் வாய்க்கால் திறந்த மாதிரி மொத்தச் சூடும் அந்த மூடிக்குள்ள இறங்கி, பிட்டே ஆறிப்போகும். ஈயம் களி மாதிரி நிக்கும், ஒட்டாது.

கணக்கும் போட்டுப் பார்த்துடலாம், நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்கதானே. மூடியும் அதோட ஒட்டியிருக்கிற உலோகமும் சேர்ந்து 20 கிராம் இரும்புன்னு வச்சுக்குவோம். இரும்போட தன்வெப்பம் ஒரு கிராமுக்கு சுமார் 0.45 ஜூல். 30 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்குக் கொண்டுபோக 20 × 0.45 × 200 = 1800 ஜூல் வேணும். 25 வாட் முழுசா உள்ளே போனாக்கூட 72 செகண்ட். 60 வாட்டுக்கு 30 செகண்ட்.

நல்லவேளை, மூடி முழுக்க சூடாக வேண்டியதில்லை. ஒயர் படற அந்தச் சின்ன இடம் மட்டும் போதும். ஆனா உலோகத்துல சூடு ஒரு இடத்துல நிக்காது, பரவிட்டே இருக்கும். அது பரவறதுக்குள்ள, ஈயம் உருகற சூட்டுக்கு அந்த இடம் வந்துடணும். பலமான அயர்னும் அகலமான பிட்டும் இருந்தா மூணு நாலு செகண்டுல வேலை முடிஞ்சிடும். பாட்டோட உள்பக்கத்துக்கு விஷயமே தெரியாது. பலம் இல்லாத அயர்னை அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா மூடி, கார்பன் டிராக், உள்ளே இருக்கிற கிரீஸ், பிளாஸ்டிக் எல்லாம் ஒட்டுக்கா வேகும். அப்புறம் நாப்பைத் திருப்பும்போதெல்லாம் கரகரப்புதான்.

அதாவது, கிட்டார் வேலையில பாட்டைக் கெடுக்கிறது பெரும்பாலும் சின்ன அயர்ன்தான். "கம்மி வாட்ஸ் பாதுகாப்பு"ங்கற நினைப்பு இந்த இடத்துல தலைகீழா வேலை செய்யுது.

பிக்கப் பக்கம் மட்டும் வேற கதை

கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் மோட்டார் காயில் கட்டற பட்டறைகளை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே சுத்தற எனாமல் ஒயர் கண்ணுக்கு நல்லாத் தெரியும், கையால இழுத்துக் கட்டலாம். கிட்டார் பிக்கப்புல இருக்கிறதும் எனாமல் பூசின காப்பர் ஒயர்தான். ஆனா வழக்கமா 42 கேஜ், தடிமன் சுமார் 0.06 மி.மீ., ஏறக்குறைய நம்ம தலைமுடி அளவு. ஒரு ஸ்ட்ராட் பிக்கப்புல இது சுமார் 8000 சுத்து இருக்கும். முனையில ஒரு இழுப்பு, ஒரு அழுத்தம் போதும், அறுந்துடும். அறுந்தது உள்சுத்தா இருந்தா மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி சுத்தோணும்.

அதனால பிக்கப்போட முனையை அவசியம் இல்லாமத் தொடாதீங்க. பிக்கப்பிலிருந்து வெளியே வர்ற தடிமனான ஒயரோட மறுமுனையை, ஸ்விட்ச் பக்கமோ பாட் பக்கமோ மட்டும் கழட்டி மாட்டுங்க. தொட்டே ஆகணும்னா, ஒரே செகண்ட், அழுத்தம் இல்லாம.

இன்னொண்ணு. துப்பாக்கி மாதிரி இருக்கிற, ட்ரிக்கரை அழுத்தினா சூடாகிற சால்டரிங் கன் சில பேர்கிட்ட இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். முனை வழியா பெரிய ஏ.சி. கரண்ட் ஓடும்போது அதைச் சுத்திக் காந்தப்புலமும் மாறி மாறி வரும். அல்னிகோ காந்தம் இருக்கிற பிக்கப் பக்கத்துல அதைக் கொண்டுபோகாம இருக்கறதுதான் நல்லது. காந்தத்தோட பலம் குறைஞ்சா சத்தமும் குறையும்.

கடையில என்னென்ன கிடைக்கும்?

சாதாரண பென்சில் அயர்ன். சோல்ட்ரான் மாதிரி நம்ம நாட்டு பிராண்டுகள்ல 25 வாட், 230 வோல்ட். நம்ம காலேஜ் லேப்கள்ல பெரும்பாலும் இதுதான். சில நூறு ரூபாய்க்குள்ள முடியும், பிட்டும் எலிமென்ட்டும் தனியாக் கிடைக்கும். பிசிபி வேலைக்கு நல்ல அயர்ன். பாட் முதுகுக்கு மட்டும் திணறும். இதே வகையில 50, 60 வாட்டும் உண்டு. ஆனா வெப்பநிலையைப் பார்த்துக்க இதுல ஆள் இல்லை. சும்மா ஸ்டாண்டுல விட்டா 60 வாட் அயர்னோட பிட் தேவைக்கு மேல சூடேறி, கருத்து, ஈயத்தையே பிடிக்காது.

கைப்பிடியில நாப் இருக்கிற அயர்ன். இங்கேதான் கவனம் வேணும். நாப்புல 200, 300, 400னு எழுதியிருந்தா அது வெப்பநிலைக் கண்ட்ரோல்னு அர்த்தம் ஆகாது. மலிவான சிலதுல உள்ளே இருக்கிறது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு சர்க்யூட்தான். பவரைக் குறைக்கும், கூட்டும். பிட் எவ்வளவு சூடுன்னு அதுக்குத் தெரியாது. உள்ளே சென்சார் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

ஸ்டேஷன். தனிப் பெட்டி, அதுல டிரான்ஸ்ஃபார்மரோ பவர் சப்ளையோ, கைப்பிடியில ஹீட்டரும் சென்சாரும். 350னு வச்சா, பாட்டைத் தொட்டு பிட் ஆறத் தொடங்கின உடனே முழுப் பவரையும் உள்ளே அனுப்பும். சூடு வந்ததும் நிறுத்தும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்ச குளோஸ்டு லூப் இதுதான். ஹக்கோ, வெல்லர் எல்லாம் பெரிய பெயர்கள், விலையும் பெருசு. அதே மாதிரியில மலிவான ஸ்டேஷன்களும் நிறைய இருக்கு. 50 வாட்டுக்கு மேல, சென்சாரோட, பிட் தனியாக் கிடைக்கிற மாடலா இருந்தா நம்ம வேலைக்குத் தாராளம்.

வெல்லரோட பழைய மேக்னாஸ்டாட் ஸ்டேஷன் பத்திச் சொல்லியே ஆகணும். அதுல எலக்ட்ரானிக் சென்சாரே கிடையாது. பிட்டோட பின்பக்கத்துல ஒரு காந்தத் தன்மை உள்ள உலோகத் துண்டு இருக்கும். குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், கியூரி வெப்பநிலையைத் தாண்டி அது காந்தத் தன்மையை இழக்கும், உள்ளே இருக்கிற காந்த ஸ்விட்ச் விடுபடும், கரண்ட் நிக்கும். ஆறினதும் மறுபடி பிடிக்கும். பிட்டுல 7னு எண் இருந்தா 700 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 370 செல்சியஸ். வெப்பநிலையை மாத்த பிட்டையே மாத்தணும். இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ற கியூரி பாயிண்ட் இப்படி ஒரு ஸ்விட்ச்சா வேலை செய்யுது.

யூ.எஸ்.பி.-சி அயர்ன். பைன்சில் மாதிரி பேனா அளவு அயர்ன்கள். பிட்டுக்குள்ளேயே ஹீட்டரும் சென்சாரும் இருக்கறதால சில செகண்டுல சூடாகும். ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு வசதி. ஆனா பவர் முழுக்க உங்க சார்ஜரைப் பொறுத்தது. பிட்டோட தடை 8 ஓம்னு வச்சா, 20 வோல்ட் சார்ஜர்ல 50 வாட் கிடைக்கும். 12 வோல்ட்ல 18 வாட்தான். லேப்டாப்போட 65 வாட் யூ.எஸ்.பி.-சி சார்ஜர் சரியா வரும். ஃபோன் சார்ஜர்ல "ஃபாஸ்ட்"னு எழுதியிருந்தாலும் 20 வோல்ட் தரும்னு சொல்ல முடியாது. சார்ஜர் மேலேயே சின்ன எழுத்துல போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க.

வோல்டேஜ் குறைஞ்சா என்ன ஆகும்?

ஊர்ப்பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு இது முக்கியம். சாயந்திரம் லோ வோல்டேஜ்ல 230-க்குப் பதிலா 200 வோல்ட் வருதுன்னு வைங்க. பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 25 வாட் அயர்ன் அப்போ சுமார் 19 வாட் அயர்னா மாறிடும். "நேத்து நல்லா ஓடிச்சு, இன்னிக்கு ஈயமே உருகலையே"ங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். சென்சார் உள்ள ஸ்டேஷன் இதை ஓரளவு தானே சமாளிச்சுக்கும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் 120 வோல்ட் அயர்ன் கொண்டுவந்து கொடுத்தா, அதை நேரா நம்ம பிளக்குல சொருகாதீங்க. 40 வாட் அயர்ன் கிட்டத்தட்ட 147 வாட் இழுக்கும். எலிமென்ட் ரொம்ப நேரம் தாங்காது.

பிட்டும் ஈயமும்

ஊசி மாதிரி கூர்மையான பிட் பார்க்க அழகா இருக்கும். கிட்டாருக்கு வேண்டாம். கூர்முனை உலோகத்தைத் தொடற பரப்பு ரொம்பக் கம்மி, சூடு இறங்காது. உளி மாதிரி தட்டையான பிட், 2.4-லிருந்து 3.2 மி.மீ. அகலம், கிட்டார்ல எல்லா இடத்துக்கும் சரியா வரும். பாட் முதுகுல அகலப் பக்கத்தைப் படுக்க வைங்க. ஸ்விட்ச் காலுக்கு விளிம்பை மட்டும் வைங்க.

பழைய வகை வெறும் காப்பர் பிட்டை அரம் போட்டுத் தேய்ச்சுத் திரும்ப ஈயம் பூசலாம். மேலே இரும்பு முலாம் பூசின பிட்டை மட்டும் அரத்தால தொடாதீங்க. முலாம் போச்சுன்னா உள்ளே இருக்கிற காப்பரை ஈயம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். ஈர ஸ்பான்ஜ் இல்லைன்னா பித்தளைச் சுருள் போதும். அணைக்கறதுக்கு முன்னாடி பிட் முனையில புது ஈயம் கொஞ்சம் பூசிட்டு அணைங்க. பிட்டோட ஆயுள் இந்த ஒரு பழக்கத்துலதான் இருக்கு.

ஈயக் கம்பி வாங்கறப்ப 63/37 கேளுங்க. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். இது 183 டிகிரியில ஒரே அடியா உருகி, ஒரே அடியா உறையும். 60/40-ம் பரவாயில்லை, 183-க்கும் 190-க்கும் நடுவுல கொஞ்ச நேரம் குழைவா நிக்கும், அப்போ ஒயர் ஆடினா டிரை சால்டர் ஆயிடும். காரீயம் இல்லாத வகை சுமார் 217 டிகிரியிலதான் உருகத் தொடங்கும், புதுசாப் பழகறவங்களுக்குக் கஷ்டம். உள்ளே ரோஸின் ஃப்ளக்ஸ் இருக்கிற 22 கேஜ் கம்பி போதும். தகர வேலைக்கும் பைப் வேலைக்கும் பயன்படுத்தற ஆசிட் ஃப்ளக்ஸ் கிட்டார் பக்கமே வரக்கூடாது. இன்னிக்கு நல்லா ஒட்டும், நாள் போகப் போக இணைப்பை அரிச்சிடும்.

கையில 25 வாட்தான் இருக்கு, என்ன பண்றது?

காசு இல்லைன்னா வேலையை விட்டுடணும்னு இல்லை. மூணு வழி இருக்கு.

முதல் வழி, பாட் முதுகுல சால்டர் பண்றதையே தவிர்க்கலாம். பாட்டோட நட்டுக்கு அடியில போடற, கால் நீட்டின வாஷர் மாதிரி எர்த் லக் கிடைக்கும். அதைப் பாட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல வச்சு நட்டை முறுக்கிட்டு, எல்லா எர்த் ஒயரையும் அந்தக் காலுல சால்டர் பண்ணிடுங்க. சின்ன உலோகம், 25 வாட்டே போதும்.

ரெண்டாவது, முதுகுலேயே பண்ணணும்னா அந்த இடத்தை உப்புத்தாளால பளபளன்னு தேய்ச்சு, ஃப்ளக்ஸ் தடவி, ஒயரோட முனைக்கும் முன்னாடியே ஈயம் பூசி வைங்க. அகலமான பிட் போட்டு, அயர்ன் முழுசா சூடான பிறகு தொடுங்க. அஞ்சு செகண்டுல ஓடலைன்னா எடுத்துடுங்க. பாட் முழுசா ஆறட்டும், பொறவு மறுபடி முயற்சி பண்ணலாம். பிடிவாதமா அழுத்திட்டு நிக்காதீங்க.

மூணாவது, அந்த ஒரு ஜாயிண்டுக்கு மட்டும் பெரிய அயர்னைக் கடன் கேளுங்க. ஊர்ல மைக் செட் வச்சிருக்கிற அண்ணன்கள்கிட்டயும் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடையிலயும் கேட்டுப் பாருங்க. ட்ரெமலோ ஸ்பிரிங் தகட்டுக்கு இதுதான் நல்ல வழி.

தொடங்கறதுக்கு முன்னாடி

கிட்டார் மேல பழைய துண்டை விரிச்சுடுங்க. ஒரு சொட்டு ஈயம் விழுந்தாலும் பெயிண்ட்டுல தழும்பு நிக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, வெட்டின ஒயர் துண்டும் சூடான ஈயமும் தெறிக்கும். மூணு பின் பிளக் உள்ள அயர்னா வாங்குங்க, எர்த் உண்மையிலேயே இருக்கிற சாக்கெட்டுல சொருகுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க. எழும்பற புகை ரோஸின் புகை, காரீய ஆவி கிடையாது. ஆனா வீசிங் இருக்கிறவங்களுக்கு அதுவும் ஆகாது. காரீயம் உடம்புக்குள்ள போறது கை வழியாத்தான். சால்டர் பண்ணின கையோட பஃப்ஸ் சாப்பிடாதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு அப்புறம் சாப்பிடுங்க.

சுருக்கமா: காசு ஓரளவு இருந்தா, சென்சார் உள்ள 50–60 வாட் ஸ்டேஷன், கூட 2.4 மி.மீ. உளி பிட். ஹாஸ்டல்னா, லேப்டாப் சார்ஜர் 20 வோல்ட் தருதான்னு பார்த்துட்டு யூ.எஸ்.பி.-சி அயர்ன். கையில முந்நூறு ரூபாய்தான் இருக்குன்னா, 25 வாட் பென்சில் அயர்ன், கூட ரெண்டு எர்த் லக். ஸ்விட்ச் கால், பாட் காலுக்கு 350 டிகிரி, பாட் முதுகுக்கு 380 வச்சுத் தொடங்குங்க.

வாங்கின அன்னிக்கே கிட்டாரைத் திறக்காதீங்க. காந்திபுரம் பக்கம் உதிரிபாகக் கடையில பெரிய சைஸ் பாட் ரெண்டு வாங்கி, அதோட முதுகுல பத்துத் தடவை ஒயரை ஒட்டி ஒட்டிக் கழட்டுங்க. ஒவ்வொரு தடவையும் மல்டிமீட்டர்ல தடையைப் பாருங்க. நாப்பைத் திருப்பும்போது எண் குதிக்காம சீரா ஏறி இறங்கினா, பாட்டுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். உங்க கையும் அயர்னும் கிட்டாருக்குத் தயார்.